எட்டு மடல், ஆறு மடல்

ஹௌகசுண்டுக்கு வடக்கே, செப்டம்பர்த் தண்ணீர்.
ஏழு மீட்டர் கீழே எல்லாம் பச்சை.
தூர்லைவ் விளக்கைப் பிடிக்கிறார்,
பென்சில் என்னிடம்.

கடற்பீச்சியை அடையாளம் காண
முதலில் வாயை எண்ண வேண்டும்.
உறிஞ்சும் குழலில் எட்டு மடல்,
உமிழும் குழலில் ஆறு,
விளிம்பில் மஞ்சள் கோடு:
சியோனா, எழுதிக்கொள்.
எண்ணி முடிப்பதற்குள் நிழல் பட்டுவிட்டால்
சட்டென்று சுருங்கி
சளிக்கட்டி ஆகிவிடும்.
அப்புறம் அது யாரோ, எவரோ.

பல்பு மாதிரி இருப்பவை சுலபம்,
கண்ணாடி உடம்புக்குள் ஒரு வெள்ளை இழை,
மின்சாரம் வராத ஊரில் தொங்குவதுபோல.
பாறையில் பூப்பூவாய் அப்பியிருப்பது பொட்ரில்லஸ்.
ஒரு பூவில் பத்து உயிர்,
கழிவுக்கு நடுவில் ஒரே வாசல்.
அடுக்குமாடிக் குடித்தனம்.

இவற்றுக்குக் குஞ்சுப் பருவத்தில்
வாலும் உண்டு, முதுகுநாணும் உண்டு.
உட்கார இடம் கிடைத்ததும் அதைத் தானே தின்றுவிடும்.
படகில் இதைச் சொன்னபோது தூர்லைவ் சிரித்தார்:
"நகராட்சியில் வேலை கிடைத்த என் மச்சான்."

இன்னொன்று, பெயர் இன்னும் பிடிபடாதது.
விளக்கைச் சாய்த்தால் இதயம் தெரிகிறது.
ரத்தத்தை இந்தப் பக்கம் தள்ளுகிறது,
தள்ளுகிறது,
நிற்கிறது.
பிறகு அந்தப் பக்கம்.

மூன்றாவது கயிற்றில்
உருகி வழிந்து உறைந்த மெழுகுபோல,
வெளிர்மஞ்சள், நுனியில் தாடி.
இந்தக் கரையில் அதன் பெயர் துறைமுக வாந்தி.
எந்தக் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டி வந்ததோ.

கயிறு தூர்லைவுடையது.
இருபத்தாறு கயிறுகள், எல்லாவற்றிலும் மட்டி,
வங்கிக்கு இன்னும் நாலு வருடத் தவணை.
பெயர் உறுதியானால்
அத்தனையையும் இழுத்துக் கரையில் போடச் சொல்வார்கள்.

பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.
துணுக்கு வெட்டி நுண்ணோக்கியில் வைத்து
சுண்ணாம்பு முட்கள் நட்சத்திரமா என்று தேட வேண்டும்.
பலகையில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டினேன்.
சற்றுப் பெரிதாகவே போட்டேன்.

நீருக்கடியில் முகம் கிடையாது,
கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள், அவ்வளவுதான்.
அவருடைய குமிழிகள் நின்றன.
நாலு நொடி இருக்கும். ஐந்து.
பிறகு கொத்தாக ஏறின.
விளக்கு நகர்ந்து
நான் வெட்ட வேண்டிய விளிம்பில் நின்றது,
ஆடாமல்.

மேலே மழை.
வாய்க்குழாயைத் துப்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான்:
"குப்பியில் தேதி போட்டாயா?"