நேரம் பார்த்தவன்

பொகவந்தலாவை. சனிக்கிழமை, பின்னேரம் மூன்று.
வாசிகசாலைத் தகரத்தின்மேல்
மழைதான் முதலில் பேசியது.
தலைப்பு: படைப்பா, கூர்ப்பா?
ஆளுக்கு ஏழு நிமிடம்.
மணி என் கையில்.

பாஸ்டர் ஞானதிலகம் எழுந்தார்:
"ஸ்டோரு ரோலரைக் கழற்றிச் சாக்கில் கட்டி
ஆயிரம் வருசம் குலுக்குங்கள்,
ஒருநாளாவது தூள் இறங்குமா?"
கைதட்டல்.
ரோலர் குட்டி போடுவதில்லையே என்று
ஒருவரும் கேட்கவில்லை.

லெட்சுமிகாந்தன் மாஸ்டர் எழுந்தார்:
"உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரு பக்கம்.
ஓ.எல். கணக்கில் மூன்று தரம் விழுந்த
நம்ம பாஸ்டர் ஒரு பக்கம்."
இதற்குக் கைதட்டல் இன்னும் பலம்.
கணக்கில் விழுந்தவர் மழை பெய்கிறது என்றால்
வெளியே வெயிலா?

"மாஸ்டரின் பாட்டன் மந்தியா?"
"என் பாட்டன் ராமநாதபுரம்.
மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்."
மந்தி என்று மாஸ்டர் சொல்லவே இல்லை.
சொல்லாததை அடிப்பது சுகம்,
அது திருப்பி அடிக்காது.

பிறகு பாஸ்டர் ஜன்னலைக் காட்டினார்:
"அந்தத் தேயிலையைப் பாருங்கள்.
பொம்பளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி
இடுப்பளவில் நிறுத்தி வைத்தது யார்?"

"எங்க வீட்டுக்காரரு," என்றாள்
கடைசி வாங்கில் புஷ்பலீலா,
சொட்டுகிற குடையோடு.
"கவ்வாத்துக் கத்தியால. மூணு வருசத்துக்கு ஒருக்கா.
சும்மா விட்டுப் பாருங்க,
லயத்து முகட்டுக்கு மேல போயிரும்."

சபை சிரித்து முடிக்குமுன்
மாஸ்டர் துள்ளினார்:
"கேட்டீர்களா, இதுதான் இயற்கைத் தேர்வு!"
பாஸ்டரும் துள்ளினார்:
"கேட்டீர்களா, கத்தி என்றால்
பிடிக்க ஒரு கை வேண்டுமே!"

"நான் தேயிலையத்தான் சொன்னேன்,"
என்றாள் அவள்.
அது யார் காதிலும் விழவில்லை.
நாலரை பஸ்ஸுக்கு எழுந்து போய்விட்டாள்.

இனி என் கணக்கு.
நான் மாஸ்டரிடம் படித்தவன்.
பாஸ்டருக்கு ஆறே கால் நிமிடத்தில் மணி அடித்தேன்.
மாஸ்டருக்கு எட்டு தாண்டியும்
கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கூர்ப்பு உண்மை என்றுதான்
இன்றைக்கும் நினைக்கிறேன்.
பாறையிலும் எலும்பிலும் இருக்கிறது அது.
என்னுடைய முக்கால் நிமிடம்
அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே
பாஸ்டர் கேட்டார்:
"ஏழு நிமிசம் இவ்வளவு சின்னதா, தம்பி?"
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
அம்மாவின் கட்டிலருகே மூன்று இரவு
உட்கார்ந்திருந்தவர்.
(அதனால் அவர் வாதம் சரியாகிவிடாது.
அதுவும் எனக்குத் தெரியும்.)
"மணி சரிதான் பாஸ்டர்," என்றேன்.

குறுக்குப் பாதையில் இறங்கினேன்.
கவ்வாத்து வெட்டிய மலை,
மூடுபனிக்குள் குச்சி குச்சியாய்.
ஒவ்வொரு படிக்கும்
சட்டைப் பைக்குள் மணி கிணுங்கியது.
விரலை உள்ளே விட்டு
அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு
நடந்தேன்.