ஈரம்

தேஜொனில் பனி. இறைச்சிக் கடைக்காரர்
இப்போதெல்லாம் கேட்பதில்லை,
பன்றியின் இதயம் மட்டும் எதற்கென்று.
பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துப்
பேருந்தில் வருகிறாள் பியோ ஹே-ரிம்.

நெஞ்சில் ஈரம் வேண்டும் என்கிறது என் மொழி.
பசைக்கு அது ஆகாது.
வெங்காயச் சருகினும் மெல்லிய ஏடு,
உள்ளே தங்க இழைகள்;
முப்பத்தேழு முறை
ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்கித்
தட்டில் விழுந்து சுருண்டது.

இன்றைய பசைக்குத் தாகம் அதிகம்.
முதலில் ஈரத்தைக் குடிக்கிறது,
பிறகுதான் பிடிக்கிறது.
ஐந்து விநாடி, ஒற்றை விரலின் அழுத்தம்.
இடுக்கியால் இழுத்தால்
தசை எழும்பி வருகிறது, ஏடு வரவில்லை.

திரையில் கோடு. தட்டையாக.
செத்த இதயத்தில் வேறென்ன இருக்கும்?
இன்னொரு முறை அழுத்துகிறாள்.

ஒரு மேடு.
பிறகு இன்னொன்று. சீராக.

ஆய்வகத்தில் அவள் மட்டும்.
குளிர்பெட்டிகூட உறுமலை நிறுத்தியதுபோல்.

விரலை எடுக்கிறாள்: கோடு படுத்துக்கொள்கிறது.
வைக்கிறாள்: எழுகிறது.
கையுறைக்குள் துடிப்பது அவள் நாடிதான்.

சிரிக்கவில்லை. நெடுநேரம்
விரலை எடுக்கவும் இல்லை.

குறிப்பேட்டில், இடக்கையால், கோணலாக:
முப்பத்தெட்டு. ஒட்டியது.
இரைச்சல்: நான்.