மூன்று விரற்கடை

எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஆக்லாந்திலிருந்து வந்த மேலாளர்
மேடையில் குனிந்து
என் கணவனின் மணிக்கட்டில்
கடிகாரத்தைக் கட்டப் பார்த்தார்.
பட்டை சுற்றி வந்தது.
வந்து, பாதியில் நின்றுவிட்டது.
கொக்கிக்கும் கடைசித் துளைக்கும் நடுவில்
மூன்று விரற்கடை
பழுப்புத் தோல், நரைத்த முடி.

மேலாளர் இன்னொரு தரம் இழுத்தார்.
அவர் காது சிவந்தது.
பௌலியாசி மற்றக் கையால்
இரண்டு முனையையும் பொத்திப் பிடித்துக்கொண்டு
போட்டோவுக்குச் சிரித்தான்.
படத்தில்
தன் நாடியைத் தானே பார்க்கிறவன்போல இருக்கிறான்.

முப்பத்தொரு வருடம்
ஹாபாய்க்கும் வவாவுக்கும் போகிற கப்பலில்
வடம் பிடித்த கை.
என் கணுக்காலைவிடப் பருமன்.
அளந்தே பார்த்திருக்கிறோம்,
கல்யாணமான புதிதில்
வேறு வேலையில்லாத ஒரு மழை நாளில்.

கம்பெனி இருபது கடிகாரம் வாங்கியதாம்,
ஒரே கடையில், ஒரே அளவில்.
யார் கையை நினைத்து வாங்கினார்களோ
அந்த ஆள் எங்கள் கப்பலில் ஏறியதே இல்லை.

ஊசியைச் சுட்டு
இன்னொரு துளை போடு என்றாள் பின்வீட்டு லோசாலே.
எங்கே போட, லோசாலே?
காற்றிலா?

மைத்துனன் உனலோட்டோ
இடுப்புப் பாய்க்குக் கட்டுகிற தேங்காய் நார்க் கயிற்றை
அவிழ்த்துக் கொடுத்தான்.
ஞாயிற்றுக்கிழமை அதில் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனோம்.
இடுப்புக்கு மரியாதை,
மணிக்கட்டுக்கு அரிப்பு.
மூன்றாம் பாட்டு முடிவதற்குள் கழற்றிப் பைக்குள் போட்டான்.

பிறகு அது பிஸ்கட் டப்பாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
ராத்திரியில் தகரம் அதன் சத்தத்தைப் பெரிதாக்கியது.
'வேலையே இல்லை, இனி எனக்கெதற்கு மணி' என்றான்.
சொன்னவன்
நாலு மணிக்கே எழுந்து, இருட்டில்,
செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான்.

கொட்டகையில்
கழித்துப்போட்ட உயிர்காப்பு அங்கி ஒன்று கிடந்தது.
பன்றிக்குட்டிகளுக்கு அது மெத்தை.
அவற்றை எழுப்பி நகர்த்திவிட்டு
அதன் இடுப்பு வாரை வெட்டினேன்.

காலையில் ஒரு தரம் அவன் கையை அளந்தேன்.
உச்சி வெயிலில் ஒரு தரம்,
சாப்பிட்டபின் ஒரு தரம்.
மூன்றும் மூன்று கணக்கு.
இதில் எது நீ என்று கேட்டேன்.
'பெரியதை வைத்துக்கொள்' என்றான்.

கத்தி முனையால் ஆணியை அமுக்கி
பழைய தோலைக் கழற்றி
ஆணிகளைத் திரும்ப மாட்டினேன்.
வார் அகலம். ஓரங்களை மடித்துத் தைத்தேன்.
இரண்டு ஊசி முறிந்தது.
கடிகாரத்தின் முதுகுக்கடியில் அதைச் செலுத்தி
மறுபக்கம் இழுத்தேன்.
முனை பிரியாமல் தீயில் காட்டினேன்.
சுட்ட ஆணியில் துளைகள்: ஐந்து.
கொக்கி மட்டும் கம்பெனியுடையது.

வாரில் எழுத்து அச்சிட்டிருந்தது:
பெரியவர்களுக்கு மட்டும்.
அதை உள்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன்.
அவன் தோலுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மூன்றாம் துளையில் சரியாக உட்கார்ந்தது.
கையை உதறிப் பார்த்தான்,
வடம் எறிகிற மாதிரி ஒருமுறை வீசிப் பார்த்தான்.
அசையவில்லை.
ஆரஞ்சு நிறம், பன்றி வாடை லேசாக.
'மூழ்கினாலும் கடிகாரம் மிதக்கும்' என்றான்.
வார் மிதக்காது, பஞ்சுதான் மிதக்கும் என்று
நான் சொல்லவில்லை.

இப்போதும் நாலு மணிக்குத்தான் எழுகிறான்.
மணி பார்க்கிறான்.
போய்க் கோழிக்கூட்டைத் திறந்துவிடுகிறான்.

கழற்றிய தோல்பட்டை, இரண்டு துண்டும்,
அந்தக் கூட்டின் கதவுக்குக் கீல்.
அளவெடுத்துச் செய்ததுபோல்
அப்படியொரு பொருத்தம்.