நீர்க்க நீர்க்க

உலான்பத்தாரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு வெளியே கரிப்புகை.
உள்ளே, வெள்ளை அட்டையின் வட்டங்களில்
நான் சொட்டுவதும் கரிதான்:
மாட்டு இதயத்துக் கொழுப்போடு கலந்த
மிக நுண்ணிய தூள்.
சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் கூடித் திரளும்,
இல்லையென்றால் சாம்பலாய்ப் பரந்து சும்மா கிடக்கும்.
நிமிடத்துக்கு நூறு சுற்று, எட்டு நிமிடம்.
அதற்குள் உப்புப் போட்ட பால்தேநீர்
ஆடை கட்டிவிடும்.

நாரன்கெரெல். இருபத்தாறு. ஐந்தாம் மாதம்.
கணவன் புரெவ்தோர்ஜ் கோபியிலிருந்து எல்லைக்கு
நிலக்கரி லாரி ஓட்டுகிறான்;
வரிசையில் பதினோரு நாள்கூட நிற்பானாம்.
இதெல்லாம் சீட்டில் இருக்காது.
நர்ஸ் சொன்னாள்.

அவள் வட்டத்தில் எதுவும் திரளவில்லை.
'இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

மாடியிலிருந்து டாக்டர் சோலோங்கோவின் போன்:
"உள்ளங்கையில் செம்பு நிறப் புள்ளி.
காலடியிலும்.
நீர்த்துப் பாரேன்."

சீரம் ஒரு பங்கு, உப்புநீர் ஒரு பங்கு.
அதில் பாதி. அதிலும் பாதி.
பதினாறில் ஓரம் சொரசொரத்தது.
முப்பத்திரண்டில் கட்டி தட்டியது.
இருநூற்றைம்பத்தாறில்
அடுப்படியில் கொட்டிய மிளகுபோல்
கறுப்புக் கறுப்பாய்.

படை வராமல் இல்லை.
மிதமிஞ்சி வந்திருந்தது.
ஒவ்வொரு துகளையும் தனித்தனியே மொய்த்து நின்றதில்
இரண்டு துகளைச் சேர்த்துப் பிடிக்க
ஒரு கை மிச்சமில்லை.

அதுவும் பகைவனை அறிந்த படையல்ல பெரும்பாலும்;
உடைந்த செல்களின் கொழுப்பைக் கண்டு
உடம்பு போட்ட கூச்சல்.
நான் எண்ணுவது கூச்சலைத்தான்.

பகைவனை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
இருட்டுப்புல நுண்ணோக்கியில்:
வெள்ளிச் சுருள், தன்னைத் தானே திருகிக்கொண்டு போனது.
மேல்தோலில் பற்றிக்கொள்ள அநேகமாய் ஒன்றுமில்லை.
அரிதாய் இருக்கும் ஒரு புரதத்தை
எதிர்ப்பொருள் கற்றுத் தேர்வதற்குள்
அதில் ஏழு இடங்களை மாற்றி எழுதிவிடும்,
தன் பழைய ஏட்டிலிருந்தே எழுத்தெடுத்து.
விழுங்கணுக்கள் ஆயிரமாய்த் தின்னும்.
புண் ஆறும். வென்றோம் என்று உடம்பு உறங்கப் போகும்.
முகம் மாறிய சிலது மட்டும்
ரத்தத்தில் நடந்து
விழியில், எலும்பில், கருப்பையின் நஞ்சுக்கொடியில்
கதவு தேடும்.
தனக்கென்று சமைக்கவும் தெரியாத உயிர்,
இந்த மேசைமேல் விட்டால் காய்ந்து செத்துப்போகும்.
அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.
வர வேண்டும்தான்.

இடுப்பின் இரு பக்கமும் பெனிசிலின் போட்டுக்கொண்டு
நொண்டியபடி வந்து கேட்டாள்:
"முதலில் இல்லை என்று வந்ததாமே?"
"நிறைய இருந்ததால் தெரியவில்லை" என்றேன்.
பொய் சொல்லும் கடைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
இந்த எண் இனி இறங்கும்.
இன்னொரு பரிசோதனையோ
நோய் போன பிறகும், அநேகமாய் ஆயுள் முழுக்க
'ஆம்' என்றே சொல்லும்.
அதை இன்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை புரெவ்தோர்ஜ் வந்தான்.
கையை நீட்டுமுன் கால்சட்டையில் துடைத்தான்;
நகக்கண்ணில் கரி, போகாது.
எதுவும் பேசவில்லை.
ஊசி ஏறும்போது மட்டும்
"அவளுக்கும் இப்படித்தான் வலித்ததா?"

அவனுக்கு நான் காத்திருக்கவில்லை.
முதலிலேயே ஒன்பது வட்டம் வைத்து
நீர்த்துக்கொண்டே போனேன்.

அட்டை சுற்றுகிறது.
இன்னும் ஆறு நிமிடம்.