முன்னும் பின்னும்

ஊத்தான் மெலிந்தாங். செம்பனை லோரிகள் திரும்பும் முனை.
ஆ கியோங் டயர் கடையில்
அலைன்மெண்ட் குழி என் பொறுப்பு.
சட்டைப் பையில் யோகமலர் என்று தைத்திருக்கிறது.
வருகிறவர்கள்
"பையன் யாரும் இல்லையா அக்கா" என்கிறார்கள்.

சனிக்கிழமை காலை
வயிறு தரையில் தேய
ஒரு கரும்பச்சை விரா வந்தது.
வாசல் மேட்டில் அது ஏறிய சத்தத்தில்
எதிர்க்கடையில் பசியாறியவர்கள்
ரொட்டி சானாயும் கையுமாய் நிமிர்ந்தார்கள்.

இறங்கியவன் கவீந்திரன்.
"ஸ்பிரிங் மாத்தி இறக்கியிருக்கேன்.
இடப்பக்கம் இழுக்குது. நேராக்கிக் கொடுங்க."
எத்தனை நாளாச்சு?
"நேத்து ராத்திரி."

நேற்று மாட்டிய ஸ்பிரிங்
புது வீட்டில் முதல் இரவு படுத்தவன் போல
இன்னும் புரண்டுகொண்டிருக்கும்.
ஒரு வாரம் ஓட்டு, மூன்றாம் டிவிசன் மண் ரோட்டில்.
குண்டும் குழியும் அமுக்கட்டும். பிறகு வா.
முடியாதாம். இன்றைக்கே வேண்டுமாம்.

காடியை இறக்கினால்
தரை மட்டும் கிட்டே வருவதில்லை.
சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கால் அகலும்.
டை ராட் கோணம் மாறி
இரண்டு டயரும்
பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியாய்
ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பும்.
வெளியே பூ புதுசாய்த் தெரியும்.
உள்விளிம்பில் விரல் விட்டுப் பார்,
கம்பி குத்தும்.

அவனையே ஸ்டேரிங் முன்னால் உட்காரச் சொன்னேன்.
வெறும் காடிக்கு அளந்த நேர்
ஆள் ஏறினால் நேர் இல்லை.

திரையில் எண்கள் எழுந்தன.
பின்சக்கரம் இரண்டும் ஒன்றரை டிகிரி சாய்வு. சிவப்பு.
முன் வலது ஒன்றே முக்கால். சிவப்பு.
முன் இடது, சுழியம்.
பச்சை.

இறக்கிய காடியில்
ஒரு சக்கரம் மட்டும் நேராக நின்றால்
அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.
குழிக்குள் போய் விளக்கைப் பிடித்தேன்.
இடது ஆர்மில் ஒரு மடிப்பு,
மடிப்பில் சிமெண்டுப் பொடி,
ஒரு காய்ந்த புல்.

"எங்கே இடிச்சே?"

மேலே இருக்கை கிறீச்சிட்டது.
எண்கள் ஒரு புள்ளி நகர்ந்தன.
"உடும்பு குறுக்கே வந்துச்சு அக்கா."
உடும்பு சிமெண்டிலா செஞ்சது?
"...அஞ்சாம் பாலத்துக் கட்டை.
காடி என்னுது இல்லை. மச்சானோடது.
நாளைக்கு சிங்கப்பூர்லேர்ந்து வர்றாரு.
இறக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை.
இறக்கிக் கொடுத்துட்டா
இழுக்கிறதுக்கும் அதான் காரணம்னு..."

குழிக்குள் சிரித்தால் எதிரொலிக்கும்.
அடக்கிக்கொண்டேன்.
ஒரு வளைவை மறைக்க
முழுக் காடியையும் இரண்டு அங்குலம்
பணிய வைத்திருக்கிறான்.

ஆ கியோங்கிடம் பழைய ஆர்ம் ஒன்று கிடந்தது,
எண்பது வெள்ளி. இவனிடம் அறுபது.
மீதியை என் கணக்கில் எழுதச் சொன்னேன்,
தவுக்கே புருவத்தைத் தூக்கினார், எழுதினார்.
புஷ் நட்டை அந்தரத்தில் இறுக்கவில்லை.
நாலு காலில் இறக்கி
தன் எடையில் நிற்கவிட்டு இறுக்கினேன்.
இல்லாவிட்டால் ரப்பர்
முறுக்கிக்கொண்டே ஓடி, கிழியும்.
ஸ்டேரிங்கை நடுவில் பூட்டி, டோவைத் திருத்தினேன்.

இயந்திரம் தாளைத் தள்ளியது.
ஒரு வரிசை முன், ஒரு வரிசை பின்.
முன் என்றால் முன்சக்கரமா என்று கேட்பவர்கள் உண்டு.
இல்லை. திருத்துவதற்கு முன்.

"பின்னால இடதும் சிவப்பா இருக்கே?"
அது கம்பெனி உயரத்துக்குப் போட்ட கணக்கு.
இப்ப ரெண்டும் ஒரே அளவு சாயுது, பார்.
"முன் வரிசை மட்டும் மச்சானுக்குக் காட்டலாமா?
அதுல பச்சை இருக்கு."

இரண்டும் ஒரே தாள்தான் தம்பி.

நடுவில் மடித்தான். கிழிப்பான் என்று நினைத்தேன்.
கண்ணாடிக்கு மேலே செருகினான்.
அடுத்த சனி வா, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும்,
மறுபடி அளக்கணும், காசு வேண்டாம்.
"மச்சானோட வரவா?"
அது உன் பாடு.

வாசல் மேட்டில் மறுபடி வயிறு தேய்ந்தது.
முனை வரைக்கும்
இரண்டு கையையும் விட்டுப் பார்த்தான்.
நேராகத்தான் போனது.
எதிரே செம்பனை லோரி வந்ததும்
பிடித்துக்கொண்டான்.