நாளுக்கு ஒரு விரற்கடை

க்ரோனிங்கன் பக்கம்,
வாய்க்காலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே
பெயிண்ட் ஆலை நின்ற இடம்.
கட்டடம் போய் முப்பது வருடம்.
அது கக்கிய ஈயமும் செம்பும் மட்டும்
களிமண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு
காலி செய்ய மறுக்கின்றன.

தோண்டி வேறு ஊரில் கொட்டலாம் என்றார்கள்.
வேறு ஊர் என்றால் யாருடைய ஊர் என்று
நகராட்சிக் கூட்டத்தில் கேட்டாள் ஃப்ரௌக்கா,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
அதனால் நாங்கள் வந்தோம்.
ஒரு வரிசை நேர்முனை, ஒரு வரிசை எதிர்முனை,
நடுவில் ஈர மண்.

சத்தமில்லாத வேலை.
பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள்
பத்தாவது நிமிடம் வாத்துகளிடம் போய்விட்டார்கள்.
ஈயம் நகர்கிறது என்பதற்கு
என் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி:
நாளுக்கு ஒரு விரற்கடை,
சில நாள் அதுவும் இல்லை.
ஈயத்தைப் பார்த்து இளிக்க இங்கே பித்தளை இல்லை;
செம்பு கொஞ்சம் முந்தி, ஈயம் பின்னால்,
ரேஷன் வரிசைபோல.

எதிர்முனைக் கிணற்றில் புளிப்புக் குறைந்தால் போச்சு,
வாசல்வரை வந்த உலோகம் அங்கேயே உறைந்துவிடும்.
இரவு இரண்டு மணிக்கும் எழுந்து
அமிலம் ஊற்றுகிறேன்.

நாற்பத்தோராம் நாள்
அம்மீட்டர் முள் துள்ளியது.
மின்சாரம் குறுக்குவழி கண்டுபிடித்திருந்தது.
நிறுத்தினோம். தோண்டினோம்.

ஒரு சைக்கிள்.
சக்கரங்களைத் தனியே கழற்றி
எண்ணெய்த் துணியில் சுற்றி
யாரோ பொறுமையாய்ப் படுக்கவைத்தது.
நாங்கள் ஓட்டிய அமிலம்
துணியை அரித்து இரும்பைத் தொட்டிருக்கிறது.

எதிர்வீட்டு ஹில்ட்யா
வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள்.
அரிபடாத மூலையில் இருந்த முடிச்சைத் தொட்டாள்.
"இப்படி முடிச்சுப் போடுவது அப்பா ஒருவர்தான்.
ஜெர்மன்காரன் பிடுங்கிப் போனான் என்று
சாகும்வரை திட்டினார்."

அப்புறம், கொஞ்ச நேரம் கழித்து,
யாரும் கேட்காமலே:
"ஆலையில் கழிவு வண்டி தள்ளியதும் அவர்தான்."

தன் சைக்கிள்மேல் தானே கொட்டி
தோண்ட முடியாமல் போனாரா,
புதைத்த இடம் மறந்ததா,
மண் சொல்லவில்லை.
மண்ணிடம் நாங்கள் கேட்டதும் வேறு.

மணியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
"முழுக்கச் சுத்தமாகுமா?"
"சட்டம் சொல்கிற அளவுக்கு."
தலையாட்டினாள்,
அது போதும் என்றா, போதாது என்றா தெரியவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டேன்.
முள் பழைய இடத்துக்கு இறங்கியது.

மாத அறிக்கையில்
'அகற்றிய உலோகங்கள்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஈயம் இத்தனை கிலோ,
செம்பு இத்தனை,
சைக்கிள் ஒன்று, மணி நீங்கலாக.
மேலதிகாரி கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.
நான் மாற்றவில்லை.