கழற்றச் சொல்லும் சொற்கள்

எல் பாசோவில் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ்
மொத்தம் பதினேழு சொற்கள்.
பதினாறு நகை நட்டு.
ஒன்று, கழற்றுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் நின்று
நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறேன்.
கீதெசெ அம்மா, கீதெசெ.
உள்ளே காந்தம்.
ஒரு ஹேர்பின்னைக்கூடத் தோட்டாவாக்கிவிடும்.

மோதிரம் எளிது. அனியோ.
அணியோ என்று நானே கேட்டு
ஆமாம் அணிதான் என்று நானே சொல்லிப் பதித்துக்கொண்டேன்.
சங்கிலி, காதேனா.
பெயரில் காது, கிடப்பது கழுத்தில்.
முதல் வாரம் ஒரு கிழவரின் காதைத்
தடவிப் பார்த்துவிட்டேன்.
தோட்டுக்குத்தான் அரேத்தெஸ். வளையல் புல்செரா.
ஹேர்பின்னுக்கும் ஒரு சொல் உண்டு.
யொலாண்டா சொன்னால் சொல், நான் சொன்னால் இருமல்.

அழகாயிருக்கிறது என்பதற்கு என்ன என்று
கேட்டு வைக்கவில்லை.
வேலைக்குத் தேவைப்படவில்லை.
பதினைந்தாம் பிறந்தநாளுக்குப் போட்ட பதக்கத்தை
ஒரு பெண் என் உள்ளங்கையில் வைத்தபோது
தலையை மட்டும் ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் நெமேசியோ.
முதுகுத் தண்டு.
கூடவே ஒரு காவலர்,
தடுப்பு முகாமின் பெயர் தைத்த சட்டையில்.
பட்டியலை ஒப்பித்தேன்.
அனியோ? இல்லை.
காதேனா? இல்லை.
ரெலோ?
அங்கே மணி எதற்கு என்பதுபோல் ஒரு சிரிப்பு.
பிறகு அவராகவே சொன்னார்,
எஸ்போசாஸ்.

இது எனக்குத் தெரியும்!
படிவத்தில் வருவது. எஸ்போசா, மனைவி.
இவர் பன்மையில் சொல்கிறாரே,
எத்தனை பேர் என்று விரல் விட்டுக் கேட்டேன்.
யொலாண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரித்து முடிக்காமலே
போர்வையை விலக்கினாள்.

இரண்டு மணிக்கட்டு. ஒரே நகை.

நம்மிடமும்தான்
கல்யாணத்துக்குக் கால்கட்டு என்று பெயர்.
பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.
ஆனால் விலங்கு என்ற சொல்லின்
இரண்டு பொருளும் ஒரே நேரத்தில்
ஒரு மனிதர்மேல் நிற்க
அதுவரை நான் பார்த்ததில்லை.

கீதெசெ என்றேன்.
முதல் தடவையாக, எதிரே இருப்பவரிடம் அல்ல,
அவர் பின்னால் நின்றவரிடம்.
காவலர் சாவியை எடுத்தார்.
இரும்பு போன இடத்தில் பிளாஸ்டிக் பட்டை.
அதைக் காந்தம் ஒன்றும் சொல்லாது.

நாற்பது நிமிடம் தட்டித் தீர்த்தது இயந்திரம்.
வெளியே வந்தவர்
கட்டிய கைகளைத் தூக்கித் தன் காதுமடலைத் தொட்டு,
என் பக்கம் முகம் காட்டி ஏதோ கேட்டார்.
உன் தோடு எங்கே என்கிறாராம்.

லாக்கரில், என்றேன் தமிழிலேயே.
தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி,
எல்லாம் காலை ஏழு மணிக்கே கழற்றியாயிற்று.
சாவி என் பையில் கிடந்தது.
எடுத்துக் காட்டப் போனேன்.

காட்டவில்லை.